புள்ளி வைத்த பிள்ளைகள்

ஆறாம் வகுப்பு பி பிரிவில் முப்பத்தெட்டுப் பேரும் ஒரே நேரத்தில் பாடிக்கொண்டிருந்தார்கள். நான் வருகைப் பதிவேட்டை இடது கையில் ஏந்திக்கொண்டு, வலது கையில் பென்சிலோடு, பெஞ்சுகளுக்கு நடுவே குனிந்து குனிந்து போய்க்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பிள்ளையின் வாய்க்குப் பக்கத்திலும் காதைக் கொண்டுபோய் இரண்டு வரி கேட்பேன். சுருதியோடு சேர்ந்தால் நிமிர்ந்து அடுத்த பிள்ளைக்குப் போவேன். சேராவிட்டால் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி. ஆண்டுவிழாப் பாட்டுக்கு ஆள் எடுப்பது என்றால் எங்கள் பள்ளியில் இவ்வளவுதான். இருபத்தெட்டு வருஷமாக இப்படித்தான் எடுக்கிறேன்.

புள்ளி வாங்கிய பிள்ளையை மேடைக்கு வராதே என்று நான் சொன்னதே இல்லை. அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். எல்லாரும் மேடை ஏறலாம், எல்லாருக்கும் ஒரே உடை, எல்லாருடைய அப்பா அம்மாவும் படம் எடுத்துக்கொள்ளலாம். புள்ளிக்காரர்கள் மட்டும் பின்வரிசையில் நிற்க வேண்டும். அவர்கள் தோளில் கை வைத்து, குரலைத் தாழ்த்தி, "நீ கண்ணு, வாயை மட்டும் அசைச்சாப் போதும்" என்று சொல்வேன். அடித்துத் திட்டி அழவைக்கிற பாட்டு டீச்சர்கள் இருக்கிற உலகத்தில் நான் எவ்வளவு பதமானவள் என்று எனக்கு என்னைப் பற்றி ஒரு பெருமை இருந்தது.

பிள்ளைகள் அதையும் வேடிக்கையாக்கிவிட்டார்கள். பின்வரிசைப் பையன்கள் தங்களை 'முக்கியப் புள்ளிகள்' என்று சொல்லிக்கொண்டார்கள். ஏதாவது வேலை ஏவினால், "நாங்க முக்கியப் புள்ளிங்க மிஸ், எங்களைப் போய் பெஞ்சு தூக்கச் சொல்றீங்களே" என்பார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். பிள்ளைகள் சிரித்துவிட்டால் காயம் இல்லை என்று நினைத்துக்கொள்வது எவ்வளவு வசதி.

அன்றைக்குக் கடைசி பெஞ்சு வரை போய் முடித்துவிட்டு எண்ணிப் பார்த்தேன். முப்பத்தெட்டில் பத்தொன்பது புள்ளி. சரிபாதி. வேலைக்குச் சேர்ந்த வருஷம் ஒரு வகுப்புக்கு மூன்று அல்லது நான்கு வரும். இப்போது பாதி வகுப்பு. ஆசிரியர் அறைக்குப் போய், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் காதே இல்லை, எப்போது பார்த்தாலும் போன், கண்ட சத்தத்தையும் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போய்விட்டது என்று பொரிந்து தள்ளினேன். கணக்கு டீச்சர் நிமிர்ந்து பார்க்காமலேயே, அவர்களுக்குத் தலையும் இல்லை என்று சொல்லிவிட்டு, நாளைக்கு என்னுடைய பாட்டு பீரியடைத் தனக்குத் தர முடியுமா என்று கேட்டாள். பாட்டு பீரியட் என்பது எல்லாரும் கைமாற்றாக வாங்கிக்கொண்டு திருப்பித் தராத பொருள். சரி என்று சொன்னேன். அப்போதெல்லாம் யார் பீரியடைக் கேட்டாலும் எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாகத்தான் இருந்தது. ஒரு நாற்பது நிமிடம் பாட வேண்டாமே.

காரணம், என் குரல் போய்விட்டிருந்தது.

ஒரே நாளில் போகவில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெயில் காலத்தில், அன்றைய ஐந்தாவது பீரியடில் பிள்ளைகளுக்குப் பாடிக் காட்டும்போது மேல் வரியில் குரல் இரண்டாகக் கிழிந்தது. காது மூக்கு தொண்டை டாக்டர் வாய்க்குள் கண்ணாடியை விட்டுப் பார்த்தார். குரல் நாணில் தடிப்பு, இரண்டு மாதம் வாயைத் திறக்கக் கூடாது, அப்புறமும் கத்தக் கூடாது என்றார். என் வீட்டுக்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவர் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். வாயில் வருகிற கிண்டலைத் திருத்திக்கொள்ளும் பழக்கம் மட்டும் இல்லை. "ரெண்டு மாசமா? இப்படி ஒரு டாக்டரை இத்தனை வருஷமா எனக்குத் தெரியாமப் போச்சே" என்றார். டாக்டரே சிரித்துவிட்டார். நான் இரண்டு நாள் பேசாமல் இருந்தேன், மூன்றாம் நாள் வேலைக்குப் போனேன். பாட்டு டீச்சருக்குத் தொண்டைக்காக இரண்டு மாத விடுப்பு யார் தருவார்கள்? தந்தாலும், அப்புறம் தொண்டை இல்லாத பாட்டு டீச்சர் எதற்கு என்று ஒரு கேள்வி வருமே.

அந்தக் கேள்விக்கு எங்கள் பள்ளியில் பதில் தயாராக இருந்தது. முட்டி தேய்ந்துபோன விளையாட்டு டீச்சரை வேலையை விட்டு அனுப்பவில்லை, பெரிய மனதோடு ஸ்டோர் ரூமில் உட்கார வைத்திருந்தார்கள். ஜன்னல் இல்லாத அந்த அறையில் சாக்பீஸ் பெட்டிகளையும் டஸ்டர்களையும் எண்ணிக் கொடுப்பது வேலை. மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்குக் கேட்கிற மாதிரி விசில் ஊதிய மனுஷி, இப்போது கதவருகே நின்று கூப்பிட்டால்தான் நிமிர்வாள். அந்த அறையைக் கடக்கும்போதெல்லாம் நான் நடையை எட்டிப் போடுவேன். ஓய்வு பெற இன்னும் நாலு வருஷம் இருந்தது. அந்த நாலு வருஷத்தையும் பாட்டு டீச்சராகவே ஓட்டிவிட வேண்டும். எனக்கு வேறு ஆசை கிடையாது.

அதற்கு ஒரு வழியும் கண்டுபிடித்து வைத்திருந்தேன். எங்கள் தொழிலில் சுருதியின் உயரத்தைக் கட்டை என்று சொல்வோம். ஆண்கள் பெரும்பாலும் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டையில் பாடுவார்கள். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஐந்து, ஐந்தரை. நான் ஐந்து கட்டையில் பாடியவள். பாட்டு அறையில் இருக்கும் கீபோர்டில் ஒரு சின்னப் பொத்தான் உண்டு. அதை ஒரு தடவை அழுத்தினால் மொத்தச் சுருதியும் ஒரு படி இறங்கும். விரல் பழகிய இடத்திலேயே வாசிக்கும், சத்தம் மட்டும் கீழே வரும். குரல் கிழிந்த வாரம் அதை ஒரு தடவை அழுத்தினேன். பாட்டு லகுவாக வந்தது. அடுத்த வருஷம் இன்னொரு தடவை. எத்தனை படி இறங்கியிருக்கிறது என்று காட்டுகிற சின்ன ஜன்னல் ஒன்று கீபோர்டில் எரியும். அதில் தெரிந்த எண்ணைப் பார்க்கப் பிடிக்காமல், விரலில் போடுகிற பிளாஸ்திரி ஒன்றை எடுத்து அதன்மேல் ஒட்டிவிட்டேன். பூனை கண்ணை மூடிக்கொண்ட கதைதான். அதற்குப் பிறகு தொண்டை எப்போது முனகினாலும் பிளாஸ்திரிக்குக் கீழே இருந்த பொத்தானில் ஒரு அழுத்து.

நல்ல காது என்று பீற்றிக்கொள்கிறாயே, சுருதி இறங்கியது தெரியாமலா இருந்தது என்று யாராவது கேட்கலாம். தெரிந்தது. ஒவ்வொரு தடவையும் ஒரு படிதானே என்று தெரிந்தது. எல்லாப் படியையும் கூட்டிப் பார்க்கத்தான் மனம் வரவில்லை.

கொசு என்று ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். வகுப்பு வைத்த பெயர். குரல் அவ்வளவு மெல்லிசு. வருகைப் பதிவுக்கு 'உள்ளேன்' சொன்னால் இரண்டாவது தடவை கூப்பிட வேண்டியிருக்கும். அவளுக்கு ஐந்தாம் வகுப்பிலேயே புள்ளி வைத்துவிட்டேன். இந்த வருஷமும் அவள் வாயருகே காதைக் கொண்டுபோனபோது வெறும் காற்றுதான் வந்தது. ஆனால் வாயசைப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. வார்த்தைக்கு வார்த்தை உதடு பிசகாது, கண் விரியும், புருவம் ஏறும். போன வருஷ ஆண்டுவிழாவில் தலைமை தாங்க வந்த பெரியவர் பேசும்போது, பின்வரிசை ஓரத்தில் நிற்கும் அந்தப் பெண் எவ்வளவு உருக்கமாகப் பாடுகிறாள் என்று பாராட்டி, தன் சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து அவளுக்குப் பரிசாகக் கொடுத்தார். கூட்டம் கை தட்டியது. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மறுநாள் காலையில் அவள் பாட்டு அறை வாசலில் நின்று, பேனாவை என்னிடம் நீட்டி, இதை யாராவது பாடினவங்களுக்குக் கொடுத்துடுங்க மிஸ் என்றாள். நான் அவள் கன்னத்தைத் தட்டி, வைத்துக்கொள் என்று சொல்லி அனுப்பினேன். வீட்டுக்குப் போய் இதை நகைச்சுவையாகச் சொன்னேன். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை என்பது இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

இந்த வருஷம் ஆண்டுவிழாப் பாட்டு ஆறாம் வகுப்பு பி பிரிவுக்கு. புதிதாக வந்திருந்த தலைமையாசிரியை நல்ல மாதிரி. இயற்பியல் படித்தவர், எதையும் நேரில் பார்க்காமல் நம்பமாட்டார். ஒவ்வொரு ஆசிரியரின் வகுப்பிலும் ஒரு நாள் உட்கார்ந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். என் முறை வெள்ளிக்கிழமை ஒத்திகையன்று வந்தது. "நீங்க பாடிக் காட்டறதை நான் இன்னும் கேக்கவே இல்லையே டீச்சர்" என்றார், தேனாக. நான் பல்லைக் காட்டிவிட்டு வந்தேன். வெந்நீர், மிளகு, தேன் என்று வீட்டில் தொண்டைக்கு ராஜ உபசாரம் ஆரம்பமானது.

புதன்கிழமை காலை இரண்டாவது பீரியட். பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். கீபோர்டின் வயரைச் செருகி, பழகிய இடத்தில் விரலை வைத்து, பாட்டின் முன்னிசையை வாசித்தேன். ஏதோ ஒன்று சரியில்லை என்று விரலுக்கு முன்னால் காதுக்குத் தெரிந்தது. அறை திடீரென்று வெளிச்சமாகிவிட்ட மாதிரி சத்தம் மேலே நின்றது. அதற்குள் பிள்ளைகள் மூச்சை இழுத்துவிட்டார்கள். வழக்கமாக நான் முதல் வரி பாட, அவர்கள் திருப்பிப் பாட வேண்டும். நான் வாயைத் திறந்தேன். காய்ந்த கதவு திறக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்து நின்றுவிட்டது. இருமுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையால் மட்டும் பாடுங்கள் என்று காட்டினேன்.

முன்வரிசை தடுமாறியது. அங்கே இருந்தவர்கள் எல்லாம் நான் தேடிப் பொறுக்கிய கட்டைக் குரல்காரர்கள். இரண்டு மூன்று பேர் எட்டிப் பார்த்துவிட்டுப் பாதியில் இறங்கினார்கள். அந்த இடைவெளியில் பின்பக்கத்திலிருந்து பாட்டு வந்தது. முதலில் யார் என்று தெரியவில்லை. 'மேட்டில் ஏறி மேகம் தொடுவோம்' என்ற வரி எங்கள் பாட்டில் உச்சி. இத்தனை நாளும் முக்கி முனகி ஒப்பேற்றிய வரி. அது இப்போது அலுங்காமல் குலுங்காமல் மேலே போய் நின்றது. முக்கியப் புள்ளிகள் பாடிக்கொண்டிருந்தார்கள். ஏழெட்டுப் பேர், தாங்கள் பாடக் கூடாதவர்கள் என்பதையே மறந்து பாடிக்கொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் மேலே, மெல்லிசாக, ஆனால் நூல் பிடித்த மாதிரி நேராக, ஒரு குரல். கொசு.

நான் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். நிறுத்தியிருக்கக் கூடாது. சத்தம் அறுந்ததும் அவள் திடுக்கிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் நீர் கோத்துவிட்டது. எழுந்து நின்று சொன்னாள்.

"மன்னிச்சிருங்க மிஸ். சத்தம் வந்துருச்சு."

உட்கார் என்று கையைக் காட்டினேன். மிச்ச நேரத்துக்கு வரிகளை நோட்டில் எழுதச் சொன்னேன். முப்பத்தெட்டுப் பேனாக்கள் கீறுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, மணி அடிக்கும் வரை கரும்பலகையைப் பார்த்து நின்றேன்.

பிள்ளைகள் போனதும் பிளாஸ்திரியை உரித்தேன். ஜன்னலில் பூஜ்யம் எரிந்தது. கீபோர்டைத் திருப்பிப் பார்த்தால், அடியில் பாட்டரிகள் இல்லை. அந்தப் பழைய கீபோர்டு, பாட்டரி இருக்கும் வரைதான் கடைசியாக வைத்த எண்ணை ஞாபகம் வைத்திருக்கும். தலைமையாசிரியை அறைக் கடிகாரம் நின்றுபோனதால் அலுவலக உதவியாளர் வந்து கழற்றிக்கொண்டு போயிருந்தார். இரண்டு போதாதா, ஏன் ஆறையும் எடுத்தீர்கள் என்று பிறகு கேட்டதற்கு, எது நல்லதுன்னு தெரியாதே டீச்சர் என்றார்.

அறைக் கதவைச் சாத்திவிட்டு அந்தப் பொத்தானை அழுத்தி அழுத்திப் பாடிப் பார்த்தேன். ஒன்று. வரவில்லை. இரண்டு, மூன்று. காற்று. நாலு, ஐந்து, ஆறு. கிட்டே வந்தது. ஏழில் என் குரல் வழக்கமான செருப்புக்குள் கால் போவது மாதிரி போய் உட்கார்ந்தது. ஏழு படி. ஐந்து கட்டையில் ஆரம்பித்தவள் ஒரு கட்டையில் வந்து நிற்கிறேன். ஆண்கள் பாடுகிற சுருதி. பதினோரு வயதுப் பிள்ளைகளைக் கிணற்றுக்குள் இறக்கிவிட்டு, பாடு பாடு என்று சொல்லியிருக்கிறேன். இறங்க முடியாதவர்களுக்குப் புள்ளி வைத்திருக்கிறேன்.

அலமாரியில் பழைய பதிவேடுகள் இருந்தன. எடுத்துப் புரட்டினேன். ஆறு வருஷத்துக்கு முன் ஒரு வகுப்பில் நாலு புள்ளி. அடுத்த வருஷம் ஏழு. அப்புறம் ஒன்பது, பன்னிரண்டு, பதினைந்து, பதினேழு. என் தொண்டை ஒரு படி இறங்கும்போதெல்லாம் இரண்டு மூன்று பிள்ளைகள் வாயை மூடியிருக்கிறார்கள். என் காது பொய் சொல்லவில்லை. அவர்கள் சேரவில்லை என்று அது சொன்னது உண்மைதான். எதோடு சேரவில்லை என்று நான் கேட்கவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் அவளைவிட ஒரு படி மேலே போய், கூடத்துக்குப் புள்ளி வைத்து மார்க் போட்டிருக்கிறேன்.

அன்று மாலை என் வீட்டுக்காரர் சமையலறை மேசையில் அச்சுத்தாள்களை விரித்து வைத்துச் சிவப்புப் பேனாவால் திருத்திக்கொண்டிருந்தார். நான் எதிரே உட்கார்ந்து ஒன்று விடாமல் சொன்னேன். இடையில் அவர் ஒரு கிண்டல்கூடச் செய்யவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. எல்லாம் கேட்டுவிட்டுப் பேனாவை மூடினார். தாளில் ஒரு எழுத்தைக் காட்டினார். அதில் இருக்கக் கூடாத ஒரு புள்ளியை அடித்திருந்தார்.

"ஒரு எழுத்துக்கு மேல புள்ளி வெச்சா என்ன ஆகும்?" என்றார்.

சின்னப் பிள்ளைக்குத் தெரிந்த பாடம். மெய்யெழுத்து ஆகும் என்றேன்.

"உயிர் போயிடும். மெய் மட்டும் நிக்கும். தனியா அதால சத்தம் போட முடியாது." பேனாவை மறுபடியும் திறந்துகொண்டே, "உன்னைக் குத்திக்காட்டச் சொல்லல. நான் தினமும் பாக்கறது அதுதான், அதான் வாயில வந்துருச்சு" என்றார்.

அவர் குத்திக்காட்டச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் அழுதேன். நாலே வருஷம், ஸ்டோர் ரூம், ஜன்னல் இல்லை என்று எதையெதையோ சொல்லி அழுதேன். அவர் எழுந்துபோய் அடுப்பில் வெந்நீர் வைத்தார். எப்படியும் உனக்கு வேண்டியிருக்குமே என்றார். வெள்ளிக்கிழமை என்ன செய்யப்போகிறாய் என்று கேட்கவே இல்லை.

வியாழக்கிழமை நான் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்து பார்த்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன். ஏழும் வேண்டாம், பூஜ்யமும் வேண்டாம் என்று புதிய பாட்டரிகளைப் போட்டு மூன்றில் வைத்தேன். எனக்கும் பாதி, பிள்ளைகளுக்கும் பாதி. விளைவு, எனக்கும் எட்டவில்லை, அவர்களுக்கும் அடியில் இருந்த வரிகள் கிடைக்கவில்லை. வகுப்பு மொத்தமும் சளி பிடித்த மாதிரி பாடியது. கொசு வாயசைத்தாள், பிசகாமல். வகுப்பு முடிந்ததும் புள்ளிகளை ரப்பரால் அழித்தேன். அழித்ததைப் பார்க்க யாரும் இல்லை. வருகைப் பதிவேட்டில் பத்தொன்பது இடங்களில் தாள் மட்டும் கொஞ்சம் வெளுத்தது. இதில் யாருக்கு என்ன பிரயோஜனம் என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை ஒத்திகை பெரிய கூடத்தில். கீபோர்டை இரண்டு பெஞ்சுகளின் மேல் வைத்திருந்தோம். தலைமையாசிரியை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் நோட்டோடு வந்து உட்கார்ந்தார். பிள்ளைகள் இரண்டு வரிசையாகத் தாமாகவே நின்றுகொண்டார்கள். யார் முன்னால், யார் பின்னால் என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் வயரைச் செருகினேன். ஜன்னலில் மூன்று எரிந்தது. அங்கிருந்து ஏழுக்குப் போக நாலு அழுத்து, பக்கத்தில் இருந்த ஏற்றுகிற பொத்தானில் பூஜ்யத்துக்கு மூன்று. ஏழுக்குப் போனால் ஒரு கால் மணி நேரம் நான் நன்றாகவே பாடுவேன். தேனும் மிளகும் வீண் போகாது. தலைமையாசிரியை சந்தோஷமாக எழுந்து போவார். நாலு வருஷம். விரலைப் பொத்தான்மேல் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. பின்வரிசையைப் பார்த்தேன். ஒருத்தி உதட்டை ஈரப்படுத்திக்கொண்டிருந்தாள், சத்தமில்லாத பாட்டுக்கு.

பூஜ்யத்தில் வைத்தேன்.

"ஒரு வரி பாடிக் காட்டுங்க டீச்சர். அப்புறம் பிள்ளைங்க பாடட்டும்" என்றார் தலைமையாசிரியை.

"என்னால முடியாதுங்க மேடம்" என்றேன். எதிர்பார்த்ததைவிடச் சாதாரணமாக வந்தது குரல். ஆறு வருஷமாக என் குரல் சரியில்லை, அதற்காகச் சுருதியை இறக்கிக்கொண்டே வந்தேன், பிள்ளைகளால் அவ்வளவு கீழே பாட முடியவில்லை, முடியாதவர்களை எல்லாம் வாயை மட்டும் அசைக்கச் சொன்னேன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். பாதியிலேயே அவரைப் பார்த்துச் சொல்வதை விட்டுவிட்டுப் பிள்ளைகளைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். "புள்ளி வெச்சது என் தப்பு. கோளாறு உங்க தொண்டையில இல்ல, என் தொண்டையில."

முக்கியப் புள்ளிகளில் ஒருவன் எதையோ சொல்ல வாயெடுத்துவிட்டு மூடிக்கொண்டான். தலைமையாசிரியை நோட்டில் என்னவோ எழுதினார். எழுதியது நீளமாக இருந்தது. பிறகு பேனாவை வைத்துவிட்டு, கோபமா இரக்கமா என்று கண்டுபிடிக்க முடியாத குரலில் கேட்டார்.

"சரி. அப்ப யாரு பாடிக் காட்டுவாங்க?"

நான் கொசுவைக் கூப்பிட்டேன். அவளுடைய அப்பா அம்மா வைத்த பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டேன். அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள், அதே பெயரில் வேறு யாரோ இருப்பதுபோல. பக்கத்துப் பெண் முழங்கையால் இடித்த பிறகு, முன்வரிசையைப் பிளந்துகொண்டு வந்து என் பக்கத்தில் நின்றாள். நான் முன்னிசையை வாசித்தேன். தலையை ஆட்டினேன். அவள் ஆரம்பித்தாள்.

உதடு சரியாக அசைந்தது. கண் விரிந்தது. புருவம் ஏறியது. சத்தம் இல்லை.

முதல் வரி முடிந்து இரண்டாவது வரிக்கு உதடுகள் போயின. அவளுக்கே அது தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன். இத்தனை பேருக்கு முன்னால் நின்றால் செய்ய வேண்டியது என்று நான் கற்றுக்கொடுத்ததை அவள் நூற்றுக்கு நூறு செய்துகொண்டிருந்தாள். தலைமையாசிரியை நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். நான் வாசிப்பதை நிறுத்தவில்லை. ஒரு தடவை நிறுத்திப் பட்டது போதும். முதல் வரியின் முதல் சுரத்துக்குத் திரும்பி வந்து, கீபோர்டில் அந்த ஒரு சுரத்தை மட்டும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"கண்ணு, சத்தம் வரட்டும்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தலைமையாசிரியையைப் பார்த்தாள், மறுபடியும் என்னை. "வந்தா பரவால்லையா மிஸ்?" என்று கேட்டாள். அதுகூட எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"வரணும்" என்றேன்.

அவள் முன்னால் திரும்பிக்கொண்டாள். பின்வரிசையில் பதினெட்டுப் பேர் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுரம் நின்றுகொண்டே இருந்தது. என் விரல் வலித்தது, எடுக்கவில்லை. சட்டைக் காலருக்கு மேலே, அவள் தொண்டைக் குழியில் மூச்சு மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது.